மொட்டைமாடிக் கணக்கு

2024 ஜூன் 3, திங்கள்

சொரியாசிஸ் என்னோடு இருக்கத் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. இடது கணுக்காலுக்கு மேலுள்ள தடிப்பு மட்டும் இரண்டு மாதமாக வெட்பாலைத் தைலத்துக்கும் அடங்கவில்லை, ஸ்டீராய்டு களிம்புக்கும் அடங்கவில்லை. "இது புற்றா மாறுமாங்க?" என்று மனைவி கேட்டாள். மாறாது என்று நான் சொன்ன வேகத்தை நானே நம்பவில்லை.

ஜூன் 6, வியாழன்

சாதாரணத் தோல் ஏறக்குறைய ஒரு மாதத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள, சொரியாசிஸ் உள்ள இடத்தில் அது சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது என்றாலும், அழற்சி தணிந்ததும் அந்த வேகமும் தணிந்துவிடுவதால் அதைப் புற்றுநோயின் கட்டற்ற பெருக்கத்தோடு சேர்க்கக் கூடாது என்று தோல் மருத்துவர் விளக்கினார். ஆனால் தோலில் தோன்றும் ஒருவகை லிம்போமா (நிணநீர்ச் செல்களின் புற்று) தொடக்கத்தில் சொரியாசிஸ் போலவே தெரிந்து, ஆண்டுக்கணக்கில் ஏமாற்றுவதுண்டு. மருந்துக்கு மசியாத தடிப்பைச் சதைப் பரிசோதனைக்கு அனுப்புவது அதனால்தான். மிளகளவு எடுத்து இரண்டு தையல் போட்டார். கட்டுப் போடும்போது, "மாத்திரை போட்டுக்கொண்டு வெயிலில் நின்றதுண்டா? எத்தனை தடவை?" என்று கேட்டார்.

ஜூன் 9, ஞாயிறு

பரணில் பழைய நோட்டு கிடைத்தது. தோலை ஒளிக்குக் கூர்மையாக்கும் சோராலென் மாத்திரையைச் சொரியாசிஸுக்காக விழுங்கி, இரண்டு மணி நேரம் கழித்துக் கறுப்புக் கண்ணாடியோடு மொட்டைமாடியில் நின்ற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு, மொத்தம் 118. (குளியல் பொடியில் சேர்க்கும் கார்போகரிசியிலும் இருப்பது இதே சோராலென் வகைதான்.) புறஊதாக் கதிர் பட்டதும் இது செல்லின் டிஎன்ஏவோடு பிணைந்து பெருக்கத்தைத் தடுக்கிறது, தடிப்பை ஆற்றும் அந்தப் பிணைப்பே, அளவு மிகும்போது செதிள் செல் புற்று என்ற தோல் புற்றுக்கும் வழிவிடுகிறது. அமெரிக்காவில் 1975இல் தொடங்கி, சோராலெனோடு புறஊதா ஒளிச் சிகிச்சை எடுத்த 1,380 நோயாளிகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், 150 முறைக்குக் குறைவாக எடுத்தவர்களுக்கு அபாயம் சற்றே கூடியிருந்தது. 350ஐத் தாண்டியவர்களுக்கு வெகுவாகக் கூடியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் வெள்ளைத் தோலினர் என்பது எனக்கு ஓரளவு ஆறுதல். வீடு மாறியபோது தொலைந்த இரண்டாவது நோட்டில் எத்தனை கோடுகள் இருந்தன என்பதுதான் உறக்கத்தைக் கெடுக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

சொரியாசிஸ்தான், வேறொன்றுமில்லை. ஆறவிடாமல் சொறிந்தது என் நகம். இனி மாத்திரையில்லாத, குறுகிய அலைப்பட்டை யுவிபி (புறஊதாக் கதிரின் ஒரு வகை) ஒளிச் சிகிச்சை. அதனால் புற்று கூடியதாக இதுவரை தெளிவான சான்று இல்லையாம், ஆனாலும் எண்ணிக்கை எழுதி வரவேண்டுமாம். சிகரெட்டை நிறுத்தி ஒன்பது ஆண்டாயிற்று என்றேன், உண்மையில் ஆறு. திங்கள் முதல் சிகிச்சை. அதே நோட்டில் புதுப்பக்கம் எடுத்து வைத்திருக்கிறேன்.