மலைக்கோட்டைக்கு ஒரு வாழைத்தார்

திருச்சி தாயுமானவருக்கு வாழைத்தார் செலுத்துவது எங்கள் குடும்பத்தில் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, தொடங்கிவைத்த வழக்கம். வீட்டுப் பெண்களில் யாருக்குச் சுகப்பிரசவம் ஆனாலும், தாயும் பிள்ளையும் தேறியதும் ஒரு தார் மலையேறிவிடும். அப்பாயி காலமான பிறகு வீட்டில் பிறந்த முதல் குழந்தை என் தங்கையுடையது. அந்த நேர்த்திக்கடனுக்காகத்தான் அம்மா, தங்கை, கைக்குழந்தை, நான் என்று இந்த முறை கிளம்பினோம்.

எங்கள் ஊர் லால்குடிப் பக்கம். பேருந்து முதலில் கொள்ளிடத்தைக் கடக்கும். பிறகு திருவானைக்காவலைத் தாண்டிக் காவிரியைக் கடக்கும். காவிரிப் பாலத்தில் மலைக்கோட்டை கண்ணில் பட்டதுமே அப்பாயி கைகூப்பிவிடுவார். அங்கிருந்து சத்திரம் பேருந்து நிலையம் வருவதற்குள் கதையையும் சொல்லி முடித்துவிடுவார்.

ரத்னாவதி என்ற செட்டிப்பெண்ணுக்கு நிறைமாதம். பேறு பார்க்கப் பூம்புகாரிலிருந்து தாய் வர வேண்டும். காவிரியில் வெள்ளம் பெருகி, தாய் அக்கரையிலேயே நின்றுவிடுகிறாள். இக்கரையில் மகளுக்கு வலி எடுத்துவிட்டது. அவள் ஈசனைக் கூப்பிட, அவரே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்க்கிறார். வெள்ளம் வடிந்து பெற்றவள் வந்து சேர்ந்தபோதுதான் வீட்டில் இரண்டு தாய்மார் இருப்பது தெரிகிறது. வந்தவர் மறைந்து ஈசனாகக் காட்சி தருகிறார்.

எல்லோரும் சொல்லும் தலபுராணம்தான். ஆனால் அப்பாயி அழுத்திச் சொல்வது வேறோர் இடத்தை. “பேறு பாத்ததோட சாமி போயிடல கண்ணு. வெந்நீர் வெச்சுக் குடுத்து, மருந்து கிண்டிக் குடுத்து, துணி அலசிப் போட்டு, அந்தம்மா வர்ற வரைக்கும் கூடவே இருந்துச்சு” என்பார். பிரசவ வீட்டில் வேலை செய்து பழகியவருக்குத்தான் கதையில் அந்த இடம் கண்ணில் படும் என்று நினைக்கிறேன்.

அப்பாயி மருத்துவச்சி இல்லை. ஆனால் ஊரில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் விடிகாலையில் போய்விடுவார். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டுவார். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் இடித்து, வெல்லப் பாகில் நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு லேகியம் கிண்டித் தருவார். காசு வாங்கியதில்லை. வெற்றிலை பாக்கு கொடுத்தால் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான்.

தாத்தா சீக்கிரமே போய்விட்டார். அப்பா உட்பட மூன்று பிள்ளைகளை அப்பாயிதான் களையெடுத்து, நடவு நட்டு, ஒரு பசுமாட்டையும் வைத்துக்கொண்டு ஆளாக்கினார். அந்தக் காலத்து ஊர் வழக்கம் ஒன்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. வளைகாப்பு என்றால் தாலியில்லாத அப்பாயியை முன்னால் நிறுத்தமாட்டார்கள். அதே பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டால், நடுராத்திரியானாலும் முதலில் தட்டுவது அப்பாயி வீட்டுக் கதவைத்தான். அவர் ஒரு நாளும் இதைக் குறையாகச் சொன்னதில்லை. நான் சொல்கிறேன், ஏனென்றால் அப்படி ஒதுக்கியது தப்பு.

மலையடிவாரத்தில் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டுப் படியேறினோம். உச்சிப் பிள்ளையார் வரைக்கும் 417 படிகள் என்பார்கள். தாயுமானவர் சன்னதி நடுவழியிலேயே வந்துவிடுகிறது. பிள்ளை பெற்ற உடம்பு என்பதால் தங்கை நின்று நின்றுதான் ஏறினாள். தாரைத் தோளில் சுமந்து வந்த இளைஞர் ஒவ்வொரு முறையும் எங்களுக்காகக் காத்திருந்தார்.

சுவாமி மேற்கு பார்த்து இருக்கிறார், கொடிமரமோ அவருக்குப் பின்புறம் கிழக்கே இருக்கிறது. அதற்கும் ஒரு கதை உண்டு. சாரமா முனிவர் இறைவனுக்காக வளர்த்த செவ்வந்திப் பூக்கள் அரசனுக்குப் போய்விட, முனிவர் வந்து முறையிட்டார். கோபம் கொண்ட ஈசன் அந்த அரசனின் ஊரான உறையூர் இருக்கும் மேற்குத் திசைக்குத் திரும்பிவிட்டார். அதனால் அவருக்குச் செவ்வந்திநாதர் என்றும் பெயர். அடியவர் வளர்த்த பூவுக்காக ஓர் ஊரையே சினந்தவரும், ஒரு பெண்ணுக்காக வெந்நீர் வைத்தவரும் ஒருவரே என்பதை அந்தப் பெரிய லிங்கத் திருமேனிக்கு முன்னால் நின்றபோது நினைத்துக்கொண்டேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், தன்னை நம்பியவரை அவர் விடுவதில்லை.

அர்ச்சகர் தாரை வாங்கி வைத்துவிட்டுக் குழந்தையின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். தீபாராதனையின்போது அம்மா மெல்லிய குரலில் சம்பந்தர் பதிகத்தைப் பாடத் தொடங்கினார். “நன்றுடையானைத் தீயதிலானை நரைவெள்ளேறு ஒன்றுடையானை” என்ற அந்தப் பாட்டு இந்தத் தலத்துக்கே உரியது, முதலாம் திருமுறையில் இருக்கிறது. அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஓதுவார் பாடக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் ஆகியிருந்தது. குழந்தைகளைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அதைத்தான் பாடுவார். “கூற என் உள்ளம் குளிரும்மே” என்று முடியும் இடத்தில் கடைசிச் சொம்புத் தண்ணீரை ஊற்றுவார். அம்மா அந்த வரிக்கு வந்தபோது தங்கை அழுதுவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

இந்தக் கோயில் திருவிழாவில் ‘செட்டிப்பெண் மருத்துவம்’ என்று ஒரு நாள் உண்டு. ரத்னாவதிக்கு ஈசன் பேறு பார்த்ததை அன்றைக்கு நடத்திக் காட்டுவார்கள், பெண்கள் கூட்டம் அலைமோதும். ஒரு வருடம் அதைப் பார்க்க அப்பாயி புடவை துவைத்து மடித்துத் தயாராக இருந்தார். அன்று காலை பார்த்துப் பக்கத்துத் தெரு மருமகளுக்கு வலி எடுத்துவிட்டது. அவளுக்குப் பெற்றவள் கிடையாது. அப்பாயி அவளோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டார். குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகும், அவள் தானாக எழுந்து நடமாடுகிறவரை தினமும் போய்வந்தார்.

திருவிழா போனது போகட்டும், பிரசவத் தீட்டோடு இனி சில நாள் கோயில் பக்கமே போக முடியாதே என்று யாரோ ஆதங்கப்பட்டார்கள். அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்ன பதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். “சாமியே செஞ்ச வேலைதானே தாயி, அதுல என்னா தீட்டு?”

வழக்கத்தை எதிர்க்க வேண்டும் என்று சொன்னது அல்ல அது. கோயிலுக்குள் நிற்பதும் பிரசவ வீட்டில் நிற்பதும் அவருக்கு ஒரே சன்னதியில் நிற்பதுதான். அவருடைய பக்தியை எப்படிச் சொல்வது என்று யோசிக்கும்போதெல்லாம் திருநீறோ விரதமோ எனக்கு முதலில் ஞாபகம் வருவதில்லை, எண்ணெய் வாசம் போகாத அந்தக் கைகள்தான் வரும்.

பிறகு மட்டுவார்குழலி அம்மையைத் தரிசித்தோம். தங்கையையும் குழந்தையையும் அம்மாவோடு மண்டபத்தில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் மேலே ஏறினேன். வழியில் மகேந்திரவர்ம பல்லவனின் குடைவரையைப் பார்த்தேன். உச்சிப் பிள்ளையாரிடம் காற்று பலமாக அடித்தது. அங்கிருந்து காவிரியும், அதற்கு அப்பால் அரங்கனின் கோபுரங்களும் தெரிந்தன. ரத்னாவதியின் தாய் எந்தத் துறையில் நின்று தவித்திருப்பாள் என்று ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கி வந்தபோது அம்மா, கோயிலில் திருப்பித் தந்த பழங்களை அங்கிருந்த கர்ப்பிணிப் பெண்களுக்குக் கொடுத்து முடித்திருந்தார். ஊரில் எதிர்வீட்டுப் பெண் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறாள், நாளை காலை அம்மாதான் குளிப்பாட்டப் போக வேண்டும். அப்பாயி குழந்தைகளுக்கு உரசிக் கொடுத்த உரைமருந்தை மட்டும் அம்மா விட்டுவிட்டார். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் கூடாது என்று டாக்டர்கள் சொல்வதால், பிள்ளை பெற்றவளுக்கு லேகியம் மட்டும் கிண்டுவார். பெரியகடை வீதி நாட்டு மருந்துக் கடையில் சுக்கும் திப்பிலியும் ஓமமும் நிறுத்து வாங்கிக்கொண்ட பிறகுதான் லால்குடிப் பேருந்தில் ஏறினோம்.