பரங்கிமலையில் ஒரு கூலிக் கணக்கு

மாடி வீட்டு டீச்சருக்கு வயது 72. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமையாவது பரங்கிமலைப் படியேறி சிலுவைப் பாதை செய்தாக வேண்டும் அவருக்கு. மலை உச்சி வரை வண்டி போகச் சாலை இருக்கிறது. சொன்னால், "அதுல போனா டூர் தம்பி, சிலுவைப் பாதை இல்லை" என்பார். இந்த வருடம் முட்டிவலி அதிகம், துணைக்கு வர முடியுமா என்று கேட்டார். சனிக்கிழமை ஆனால் நங்கநல்லூர் ஆஞ்சநேயரைத் தவறவிடாத ஆள் நான். வெள்ளிக்கிழமை காலியாகத்தான் இருந்தது. சரி என்றேன்.

ஆறரை மணிக்கு ஆட்டோ. தெருமுனையில் வழக்கம்போல் கூலி வேலைக்கு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கொத்தனார்கள் கையில் கரண்டி. சித்தாள் பெண்கள் சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டு, ஒயர் கூடையில் தூக்குச்சட்டி வைத்திருந்தார்கள். ஒரு மேஸ்திரி பைக்கை நிறுத்தியதும் பத்துப் பதினைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். அவர் இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு பேர் பின்னால் ஏறிக்கொள்ள, மற்றவர்கள் பழைய இடத்துக்கே போய் நின்றார்கள். தினம் பார்ப்பதுதான், அன்றைக்கும் பார்த்துவிட்டுப் போனேன்.

பரங்கிமலை சுமார் 300 அடி உயரம். ஏசுவின் சீடர் தோமையார் இங்கேதான் கொல்லப்பட்டார் என்பது மரபு. படிகளைக் கட்டிக் கொடுத்தவர் பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர். அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டைப் பாலத்துக்கும் அவர்தான் பணம் போட்டார். வழி நெடுக, ஏசு சிலுவை சுமந்துபோன பாதையைச் சொல்லும் 14 நிலைகள். டீச்சர் ஒவ்வொரு நிலையிலும் நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி முழந்தாளிட முயன்று, முடியாமல் தலையை மட்டும் தாழ்த்துவார். நான் தண்ணீர் பாட்டிலோடு இரண்டு படி கீழே நிற்பேன்.

பாதி ஏறியதும் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. சும்மா இருக்க முடியாமல் நான், ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். "உங்க ஏசு எதுக்கு டீச்சர் எல்லாத்தையும் கதையாவே சொல்றார்? நேரா சொல்லிட்டா என்ன?"

உபன்யாசத்திலும் கதை உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே ராஜா வருவார், ரிஷி வருவார், கடைசியில் பகவானே வந்துவிடுவார். ஏசு சொல்கிற உவமைகளில் விதைக்கிறவன், மாவு பிசைகிற பெண், வலை இழுக்கிற மீன்பிடிகாரன் என்று பெரும்பாலும் பெயர்கூட இல்லாத மனிதர்கள்தான். பத்து வெள்ளிக்காசில் ஒன்று தொலைந்துபோய், விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தேடுகிறாளே ஒருத்தி, அவளை எனக்கு நன்றாகத் தெரியும். தோட்டின் திருகாணி உருண்டு போய்விட்டால் அம்மா அப்படித்தான் டார்ச் லைட்டோடு கட்டிலுக்கடியில் படுத்துக் கிடப்பாள். கிடைத்ததும் எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்வாள்.

"சீடர்களும் இதையேதான் கேட்டாங்க" என்றார் டீச்சர். பைபிளில் மத்தேயு 13ஆம் அதிகாரம். "சுலபமாப் புரியறதுக்காகன்னு நானும் மறைக்கல்விப் பிள்ளைங்களுக்கு வருஷக்கணக்கா சொல்லிட்டிருந்தேன். ஆனா அங்கே அப்படி எழுதலே தம்பி. ஜனங்க பார்த்தும் பார்க்கலே, கேட்டும் கேட்கலே, அதனாலதான் உவமைன்னு இருக்கு."

எனக்கு அது பதிலாகப் படவில்லை. அப்புறம் அவர் தாவீது ராஜா கதையைச் சொன்னார். ஏசுவுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய கதை. தாவீது அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனைப் போரில் சாகும்படி ஏற்பாடும் செய்துவிடுகிறார். ராஜாவிடம் இதை யார் போய்ச் சொல்வது? நாத்தான் என்கிற இறைவாக்கினர் வந்து ஒரு ஆட்டுக்குட்டிக் கதையை ஆரம்பிக்கிறார். பணக்காரனிடம் மந்தை மந்தையாக ஆடு. ஏழையிடம் ஒரே ஒரு குட்டி, அவன் தட்டில் தின்று அவன் மடியில் தூங்குவது. விருந்தாளி வந்ததும் பணக்காரன் அந்தக் குட்டியைப் பிடுங்கிச் சமைத்துவிடுகிறான். தாவீதுக்குக் கோபம் பொங்குகிறது, அவன் சாகவேண்டியவன் என்கிறார். நாத்தான், "நீயே அந்த மனிதன்" என்கிறார்.

"நேரா சொல்லியிருந்தா தலை போயிருக்கும்" என்று சொல்லி டீச்சர் எழுந்தார்.

அடுத்த நிலைக்குப் போகும்போதே ஏசு சொன்ன திராட்சைத் தோட்டக் கதையையும் சொன்னார். தோட்டக்காரர் விடியற்காலையில் போய் ஒரு தெனாரியம் கூலி பேசி ஆள் கூட்டி வருகிறார். அது அந்தக் காலத்து ஒருநாள் கூலி. பிறகு ஒன்பது மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு, கடைசியில் மாலை ஐந்துக்கும் போகிறார். அப்போதும் சிலர் நிற்கிறார்கள். ஏன் என்று கேட்டால், எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். சாயங்காலம் கடைசியில் வந்தவர்களில் தொடங்கி எல்லோருக்கும் அதே ஒரு தெனாரியம். விடியலில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

"அநியாயம் டீச்சர்!" என்றேன். முப்பது வருடம் சம்பளப் பட்டியல் போட்டவன் நான். ஓவர்டைமில் அரை மணி நேரம் விட்டுப்போனாலே எத்தனை பேர் மேஜை முன்னால் வந்து நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். இதில் இன்னொன்றும் உறுத்தியது. கடைசியில் வந்தவனுக்கு ஏன் முதலில் பட்டுவாடா? விடியலில் வந்தவனுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால், பேசின கூலி கிடைத்தது என்று அவன் பாட்டுக்குப் போயிருப்பான். ஒரு முணுமுணுப்பும் வந்திருக்காது.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். "அப்போ அவனுக்கு வயிறு எரிஞ்சது எதனால தம்பி? கூலி குறைஞ்சதாலயா?"

மேலே போய்ச் சேர்ந்தோம். போர்ச்சுக்கீசியர்கள் 1523இல் கட்டிய சின்னக் கோயில். பலிபீடத்தில் இருக்கும் கற்சிலுவை 1547இல் இங்கே தோண்டியபோது கிடைத்ததாம், சுற்றிலும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து. ஒரு காலத்தில் அதில் ரத்தம் கசிந்ததாகச் சொல்வார்கள். டீச்சர் உள்ளே ஜெபித்துக்கொண்டிருக்க, நான் வெளியே மர நிழலில் உட்கார்ந்தேன். கீழே மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவது தெரிந்தது. 1802இல் லாம்டன் என்ற ஆங்கிலேயர் இந்தியாவையே அளக்க முதல் சங்கிலியைப் போட்டது இந்த மலைப் பக்கத்தில்தான். அளந்து பார்ப்பதில் மனிதனுக்கு அப்படி ஒரு ஆசை.

நானும் அளந்து வைத்திருந்தேன். அம்மா என் வீட்டில் 11 வருடம் இருந்தாள். கடைசி மூன்று வருடம் படுக்கையில், ராத்திரி நான்கு முறை எழுந்திருக்க வேண்டும். தம்பி கடைசி இரண்டு மாதம் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து கமலா ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டுப் போவான். அம்மா கையில் கிடந்த நாலு வளையலை "ஆளுக்கு ரெண்டு" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். கருமாதி அன்றைக்குக் கொடுத்தேன், ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. எனக்கென்று அம்மா சொன்னதில் ஒரு குன்றிமணியும் குறையவில்லை. நாலும் எனக்குத்தான் என்று அவள் ஒருநாளும் சொன்னதும் இல்லை.

கொஞ்ச நேரம் முன்னால் படியில் நின்று அநியாயம் என்று கத்தியது யாருக்காக? டீச்சர் எங்கள் வீட்டுக்கு மேலேதான் குடியிருக்கிறார், கருமாதி அன்றும் வந்திருந்தார். கதையைத் தெரிந்துதான் எடுத்தாரா, தவக்காலம் என்பதால் தற்செயலாக வந்ததா? கேட்க வாய் வரவில்லை.

இறங்கி ஆட்டோ பிடித்தபோது பதினொன்றாகிவிட்டது. தெருமுனையில் வெயில் ஏறிவிட்டிருந்தது. டீக்கடைக் கூரை நிழலில் நான்கு பேர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள், காலையில் பார்த்த சித்தாள் பெண்களில் ஒருத்தியும். அவள் தூக்குச்சட்டியைத் திறந்து, சோற்றைப் பார்த்துவிட்டு, மறுபடி மூடினாள்.

டீச்சர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு கேட்டார். "உங்க தம்பி எங்கே இருக்கார்?"

"திருவொற்றியூர்ல."

"நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷன்ல மெட்ரோ ஏறினா ஒரே வண்டி தம்பி. எங்கேயும் மாறவே வேண்டாம்."