ஆறுக்கு ஆறு பாத்தி: இரண்டாம் முறையும் கோட்டைவிட்டேன்

நேற்று எபிரேய நாட்காட்டியில் ஆதார் மாதம் பதினைந்து. சேச்சி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் பாத்தியை ஒரு சுற்று வந்தார். குனிந்து, வெந்தயத்துக்கு நடுவே நின்ற ஒரு குருத்தைக் கிள்ளி முகர்ந்து என் உள்ளங்கையில் வைத்தார். கொத்தமல்லி. பிறகு இன்னொன்று. எண்ணி முடித்தபோது பதினொன்று. அத்தனையும் இருக்கக் கூடாத பக்கத்தில்.

"பழைய காலமாக இருந்தால் அதிகாரி வந்து பிடுங்கி எறிந்திருப்பான், மோளே" என்றார்.

உண்மைதான். வெவ்வேறு விதைகளைக் கலந்து விதைக்க யூத விதியில் தடை உண்டு. ஆதார் முதல் நாள் அதைப் பற்றி எச்சரிக்கை அறிவிப்பு. பதினைந்தாம் நாள் ஆட்கள் வயல் வயலாகப் போய்ப் பார்வையிடுவார்கள் என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இருக்கிறது. முளைகள் இன்னதென்று அடையாளம் தெரிகிற பருவம் அது. முதலில் பிடுங்கியதை வயல்காரன் முன்னாலேயே எறிந்தார்களாம். அவனுக்கு இரட்டைக் கொண்டாட்டம்: களையெடுத்த கூலி மிச்சம், மாட்டுக்குத் தீனியும் ஆயிற்று. சரி என்று சாலையில் எறிந்து பார்த்தார்கள். அப்போதும் களையெடுப்பு இலவசம். கடைசியில், அப்படிப்பட்ட வயலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்துவிட்டார்கள். முன்பு சேச்சி இந்தக் கதையைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தேன். நேற்று சிரிப்பு வரவில்லை.

இஸ்ரேலில், பீர்ஷெபா நகரில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் கூட்டுத் தோட்டத்தில் எனக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. சேச்சி, 1954இல் கொச்சி யூதர்கள் குடியேறிய நெவாத்திம் என்ற ஊரில் பிறந்தவர். என் எபிரேயம் கடைத்தெருவைத் தாண்டாது. அவருக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் நடுவில் அரைகுறை மலையாளம். அதில்தான் வேதமும் விவசாயமும் நடக்கின்றன. வெவ்வேறு விதைகளைக் கலந்து விதைக்கக் கூடாது என்ற கிலாயிம் விதி யூதரல்லாத என்னைக் கட்டுப்படுத்தாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆனால் தோட்டத்தில் பாதிப் பேர் அனுசரிப்பவர்கள். பக்கத்துப் பாத்திக்காரரின் வயிற்றெரிச்சல் எதற்கு என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

ஊடுபயிர் பழக்கத்தில் வந்த எனக்கு இது முதலில் கசந்தது. முள்ளங்கிக்கு இடையில் கொத்தமல்லி தூவினால் என்ன குற்றம்? பிறகுதான் புரிந்தது, விதி பல வகைப் பயிரைத் தடுக்கவில்லை, குழப்படியைத்தான் தடுக்கிறது. தெஃபஹ் என்ற பழைய அளவில் ஆறு நீளம், ஆறு அகலம் உள்ள ஒரு பாத்தியில் ஐந்து வகை விதைக்கலாம்: நான்கு பக்கமும் நான்கு, நடுவில் ஒன்று. அவ்வளவு சின்ன இடத்தில் ஐந்து பயிர் என்பது எந்த இயற்கை விவசாயிக்கும் இனிக்கும் கணக்கு.

இனி என் தலைவலிக்கு வருகிறேன். தெஃபஹ் என்பது நான்கு பெருவிரல் அகலம். யாருடைய பெருவிரல்? இதில் யூத அறிஞர்கள் இருவர் இரண்டு விதம்: ரப்பி அவ்ராஹம் ஹாயிம் நாஏ கணக்கில் 8 சென்டிமீட்டர். ஹஸோன் இஷ் கணக்கில் 9.6. ஆறால் பெருக்கினால் ஒன்று 48, மற்றது 57.6. பத்து சென்டிமீட்டர்தானே என்று நினைக்கிறீர்களா? பரப்பில் அது 44 சதவீதம் கூடுதல்! போன குளிர்காலத்தில் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று 48இல் போட்டேன். முள்ளங்கி இலைகள் வெங்காயத்தின் மேல் படுத்துக்கொண்டன, நடுவில் வைத்த லெட்யூஸ் வெயிலையே பார்க்காமல் வெளிறிப் போனது. இந்த முறை மரச் சட்டம் அடித்து 57.6 வைத்தேன். மில்லிமீட்டர் சுத்தமாக. அளவுநாடாவோடு நான் மண்டியிட்டிருந்ததைப் பார்த்துச் சேச்சியின் பேரன் கைப்பேசியில் படம் வேறு எடுத்தான்.

மூலைகள் நான்கும் காலி. சேச்சி பின்பற்றும் பாத்தி வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது. வயலின் ஓரத்தை ஏழைகளுக்கு விடச் சொல்லும் பேஆ விதிதான் இது என்று நானாக முடிவு செய்து, இரண்டு பேருக்கு விளக்கமும் சொல்லிவிட்டேன். சேச்சி தலையில் அடித்துக்கொண்டார். பேஆ, மொத்தமாக அறுத்துச் சேமித்து வைக்கும் விளைச்சலுக்குத்தான், கீரைக்குக் கிடையாது. மூலை காலியாக இருப்பது, பக்கத்துப் பக்கத்து வரிசைகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்க.

அந்த மூலைதான் என்னைக் கவிழ்த்தது. இங்கே ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டர். மண்ணோ காற்று கொண்டுவந்து படிய வைத்த புழுதி. முதல் நான்கு சொட்டு விழுந்ததும் மேலே பொருக்குத் தட்டிவிடும். அதன் பிறகு தண்ணீர் இறங்காது, ஓடும். விதைத்த நான்காம் நாள் இரவு ஒரு கொட்டு கொட்டியது. வடக்குப் பக்கத்துக் கொத்தமல்லி விதைகள் மிதந்து, காலி மூலை வழியாகத் திரும்பி, கிழக்கே வெந்தயத்துக்குள் போய்க் குடியேறிவிட்டன. காலையில் பாத்தி வழவழவென்று இருந்ததைப் பார்த்து, அழகாகப் படிந்திருக்கிறது என்று மகிழ்ந்த மடச்சி நான். மூடாக்கு போட்டிருக்க வேண்டும். வைக்கோல் கொட்டகையில் இருந்தது. போடவில்லை.

வெந்தயத்தைப் பற்றி மட்டும் பெருமை அடித்துக்கொள்கிறேன். விதைக்கடைப் பொட்டலம் இல்லை. சந்தையில் யேமன்காரர்கள் ஹில்பே என்ற வெந்தயத் துவையல் அரைக்க வாங்கும் மசாலாக் கடை வெந்தயம். ஒரு பிடி விதை, ஐந்தாம் நாள் பச்சைப் பாய். அதே சந்தைக்குப் பக்கத்தில் ஒரு நர்சரியில் வாங்கிய தொட்டிக் கலவை இருக்கிறதே, மூட்டையைப் பிரித்ததும் கொசு போல் பூச்சி கிளம்பியது. இனி அந்தப் பக்கம் போகமாட்டேன். சொட்டுநீர்க் குழாயிலும் ஒரு குறை: துளை இடைவெளி 30 சென்டிமீட்டர், என் பாத்தி 57.6. எப்படி வளைத்தாலும் ஒரு துளை நடைபாதைக்குத்தான் தண்ணீர் விடுகிறது. 1965இல் சொட்டுநீர் நிறுவனமான நெட்டாஃபிம் தொடங்கப்பட்ட ஹட்ஸேரிம் கிபுட்ஸ் (கூட்டுப் பண்ணைக் கிராமம்) இங்கிருந்து கூப்பிடு தூரம். எனக்குக் குழாயை ஒழுங்காக வளைக்கத் தெரியவில்லை.

அடுத்து மாதுளை வைக்க வேண்டும். எபிரேய ஆவ் மாதம் பதினைந்துக்குள் நட்டால், எபிரேயப் புத்தாண்டு வரையுள்ள அந்தச் சில வாரங்களே ஓர் ஆண்டாகக் கணக்கில் வந்துவிடும். முதல் மூன்று ஆண்டுக் காயைத் தொடக் கூடாது என்பதால் அது பெரிய லாபம். 2028 செப்டம்பரில் நிலத்துக்கு ஓய்வு தரும் ஷ்மிட்டா ஆண்டு வேறு தொடங்குகிறது. அப்போது வீட்டுக்குள், அடியில் துளையில்லாத தொட்டியில் வளர்க்கலாம் என்கிறார் சேச்சி. துளையில்லாத தொட்டியில் வேர் அழுகாமல் வளர்ப்பது எப்படி என்று இப்போதே பழகிக்கொள்ள வேண்டும்.

ஆனால் அதற்கு முன் வரப்பு. மிஷ்னாவில் அந்த ஐந்து வகை விதிக்கு அடுத்த வரியே அதுதான்: பாத்திக்கு ஒரு தெஃபஹ் உயர வரப்பு இருந்தால் பதின்மூன்று வகை விதைக்கலாம், ஒவ்வொரு வரப்பிலும் மூன்று, நடுவில் ஒன்று. வரப்பு இருந்திருந்தால் தண்ணீர் ஓடியிருக்காது, கொத்தமல்லியும் ஊர் மாறியிருக்காது. இரண்டு ஆண்டுகளாக அந்த வரியைப் பேராசைக்காரர்களுக்கானது என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

வெறும் புழுதிமண்ணில் வரப்பு நிற்காது. தெற்கே அரபா பாலைவனப் பள்ளத்தாக்கில் லோத்தான் கிபுட்ஸில் வைக்கோல் கட்டுகளின் மேல் மண் பூசிக் குவிமாட வீடுகளே கட்டியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் மூன்று கூடை மண்ணுக்கு ஒரு கூடை நறுக்கிய வைக்கோல் போட்டு மிதித்தேன். முதல் வரப்பு முழுவதையும் அதிலேயே செய்தது தவறு: காய்ந்ததும் செங்கல், விரல்கூட இறங்கவில்லை, விதை எங்கே முளைக்கும்? இப்போது வெளிப்புறம் மட்டும் இரண்டு விரற்கடை தடிமனில் வைக்கோல் மண்; உள்ளேயும் மேலேயும் மக்கு கலந்த இளமண். மூன்று பக்கம் முடிந்து, 9.6 உயரம் சரியாக நிற்கிறது. மழையில் கரைந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். தொடக்கத்தில் ஒரு தெஃபஹ் இருந்து பிறகு குறைந்தால் செல்லும் என்று அதற்கும் ஒரு வரி வைத்திருக்கிறார்கள். மழையில் கரையும் வரப்பைக் கண்ணால் பார்த்த யாரோதான் எழுதியிருக்க வேண்டும்.

பட்டியலில் இதுவரை ஒன்பது வகைதான் சேர்ந்திருக்கிறது. டர்னிப்பைச் சேர்த்துப் பத்தாக்கப் பார்த்தேன். கிழங்கு பருத்து இடத்தை அடைத்துவிடும், வரப்பில் வைக்காதே என்று அதற்கும் தடை இருக்கிறதாம். வைக்கோலும் தீர்ந்துவிட்டது. தெற்குப் பக்கம் திறந்தே கிடக்கிறது.