அடிப்படை கற்க எந்த புரோகிராமிங் மொழி? என் ஓட்டு சி-க்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்து கவுன்சிலிங் முடிவதற்குள் எங்கள் காரைக்குடி உறவுக்குள் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்கள். இந்த வருடம் அக்கா மகன். "மாமா, காலேஜ் திறக்கிறதுக்குள்ள சி படிக்கவா, பைத்தானா, ஜாவாவா?" கையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நோட்டீஸ் வேறு. மூன்றையும் இரண்டே மாதத்தில் முடித்துத் தருவார்களாம், செய்யட்டும்.

வேலைக்கு எந்த மொழி என்பது தனிக் கதை, அதை இங்கே இழுக்க வேண்டாம். கணினி அறிவியலின் அடிப்படை புரிய வேண்டும் என்றால் சி போதும்.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர்கள் பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான் என்று இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். லூப் தெரியும், ஃபங்ஷன் தெரியும். தெரியாதது, எழுதிய வரிக்கு உள்ளே இயந்திரம் எவ்வளவு வேலை செய்கிறது என்பது. பைத்தானில் பல உருப்படிகளை வரிசையாக வைக்கும் லிஸ்ட்டின் கடைசியில் ஒன்றைச் சேர்ப்பதும் ஒரு வரி, தலையில் செருகுவதும் ஒரு வரி. பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். ஆனால் லிஸ்ட்டில் லட்சம் உருப்படி இருந்தால், தலையில் செருகும்போது அந்த லட்சமும் ஓரிடம் நகர வேண்டும். சி-யில் அதே மாதிரி வரிசையான அர்ரேக்கு இதைச் செய்ய அந்த நகர்த்தும் லூப்பை நீங்களே எழுத வேண்டும், எழுதிய கைக்கு மறக்காது.

எண்களும் அப்படித்தான். 2-இன் 100-ஆம் அடுக்கைக் கேட்டால் பைத்தான் 31 இலக்கத்தையும் சலிக்காமல் கொட்டும். சி-யில் இன்று நாம் பயன்படுத்தும் கணினிகளில் முழு எண்ணை வைக்கும் சாதாரண இன்ட் 2147483647-ஓடு நின்றுவிடும், ஏனென்றால் அதற்கு ஒதுக்கிய இடம் 32 பிட்தான், அதாவது 0 அல்லது 1 எழுத 32 கட்டம். ஏன் நிற்கிறது என்று தோண்டப் போனால் 0, 1 மட்டும் வைத்து எண் எழுதும் பைனரி, மைனஸ் எண்ணை வைக்கும் முறை எல்லாம் தானாக வந்து சேரும்.

எல்லாரும் பயப்படுவது பாயிண்டருக்கு. எங்கள் பக்கத்துப் பழைய பேரேட்டில் ஒருவர் கணக்குக்கு விட்ட பக்கம் நிறைந்துவிட்டால், அடியில் '84-ஆம் பக்கம் பார்க்க' என்று எழுதிவிட்டு அங்கே போய்த் தொடர்வார்கள். மெமரியில் ஒன்று இருக்கும் இடத்தைச் சொல்லும் எண்தான் பாயிண்டர், பேரேட்டின் அந்த 84 மாதிரி. அப்படித் தொடர்ந்து போகும் கணக்குதான் லிங்க்டு லிஸ்ட். அந்த எண்ணைத் தப்பாக எழுதினால் வேறொருவர் கணக்கில் போய் வரவு வைத்துவிடுவோம், சி-யிலும் அதேதான் நடக்கும், சில நேரம் தொடக்கூடாத மெமரியைத் தொட்டு, செக்மென்டேஷன் ஃபால்ட் என்று புரோகிராம் விழும், சில நேரம் விழாமலே தப்பான விடை தரும், இரண்டாவதுதான் கொடுமை.

இதுவரை ஒரு வரிகூட எழுதாதவர் என்றால் பைத்தானில் தொடங்குங்கள், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் அதோடு நிற்காமல் சி-க்கு வாருங்கள். ஹார்வர்டின் கணினி அறிவியல் அறிமுக வகுப்பான சிஎஸ்50-யே, கட்டங்களை இழுத்துப் பொருத்தும் ஸ்கிராட்ச்சில் தொடங்கி, சில வாரம் சி-யில் ஊறவைத்து, அப்புறம்தான் பைத்தானுக்குப் போகிறது. பெயரைச் சொன்னால் அதற்குரிய மதிப்பைச் சட்டென்று எடுத்துத் தரும் ஹேஷ் டேபிள் ஒன்றை சி-யில் சொந்தமாகக் கட்டிப் பார்த்தவன் அதே வேலையைச் செய்யும் பைத்தான் டிக்ஷனரியைத் தொடும் விதமே வேறு. ஊர்களுக்கு இடையே வழி தேடுவது போன்ற கிராஃப் அல்காரிதம் எல்லாம் அதன் பிறகு பைத்தானில் செய்துகொள்ளலாம், அங்கே மெமரியோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியமில்லை. ஜாவா கல்லூரியில் எப்படியும் வரும், இப்போதைக்கு விடுங்கள்.

ஒன்றே ஒன்று, எழுதிய சி-யை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலராக அந்த நீலத் திரை டர்போ சி வேண்டாம். இன்னும் அதை வைத்துச் சொல்லிக்கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன. 16 பிட் காலத்துச் சரக்கு அது, அதில் இன்ட்டாக இருக்கும் 32767-ஓடு ஒன்றைக் கூட்டினால் மைனஸ் 32768 வரும். திரையைத் துடைக்க ஒரு கட்டளை, ஏதாவது ஒரு விசையைத் தட்டும்வரை காத்திருக்க ஒரு கட்டளை என்று அதிலே பழகியவர்கள் இன்றைய கம்பைலரான ஜிசிசி-க்கு வந்ததும் அந்த வரிகளே எரர் அடிக்கும். நேராக ஜிசிசி-யிலேயே தொடங்குங்கள், எச்சரிக்கைகளை எல்லாம் காட்டச் சொல்லி ஓட்டுங்கள்.

லேப்டாப் கல்லூரி சேர்ந்த பிறகுதான் என்கிறான் மருமகன். ஆண்ட்ராய்டு போனில் கட்டளை தட்டி வேலை செய்யும் டெர்மக்ஸ் ஆப்பைப் போட்டு, அதற்குள் ஜிசிசி மாதிரியே இன்னொரு கம்பைலரான கிளாங்கை இறக்கிக் கொடுத்திருக்கிறேன். சின்னத் திரையில் செமிகோலன் தேடுவது எரிச்சல்தான், ஆனால் அடுக்கிய தட்டு மாதிரி, கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் ஸ்டாக் ஒன்றை எழுதி ஓட்ட அது தாராளம்.