கூண்டின் பின்பக்கம்

ஜனவரி 11, 2026, ஞாயிறு

இறுதியாண்டு டிசைன் திட்டத்துக்குத் தலைப்புக் கொடுத்துவிட்டேன்: தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் சிம்பன்சிகளுக்கு ஒரு புதிய இருப்பிடம். வகுப்பில் மற்றவர்கள் ஹோட்டல், அடுக்குமாடி, பஸ் நிலையம் என்று எடுத்திருக்கிறார்கள். வெள்ளவத்தையிலிருந்து மொறட்டுவைக்கு 101 பஸ்ஸில் போய்வரும் வழியில்தான் இந்த இடம். தினமும் கடந்து போகிற ஒன்றைப் பற்றி இவ்வளவு குறைவாகத் தெரிந்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்று சேர்த்த வரலாறு. 1920களில் ஜோன் ஹாகன்பெக் என்ற ஜெர்மானிய வியாபாரி, ஐரோப்பாவுக்கு அனுப்பவேண்டிய மிருகங்களைக் கப்பல் வரும்வரை வைத்திருக்கத் தெஹிவளையில் ஒரு வளவை வைத்திருந்தார். பிறகு அது கம்பனியாகி, நொடிந்து, 1936இல் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அவருடைய அண்ணன் முறையான கார்ல் ஹாகன்பெக்தான் 1907இல் ஹம்பர்க்குக்குப் பக்கத்தில் கம்பியில்லாத மிருகக்காட்சிசாலையைத் திறந்தவர். சிங்கத்துக்கும் மனிதருக்கும் நடுவில் கண்ணில் படாத ஓர் அகழி மட்டும். ஒரே குடும்பத்தில் ஒருவர் அங்கே கம்பியைக் கழற்ற, மற்றவருடைய வளவில் இங்கே மிருகங்கள் கப்பலுக்குக் காத்துக் கிடந்தன.

ஜனவரி 15, வியாழன், தைப்பொங்கல்

பெரியப்பா வந்திருந்தார். பொங்கல் சாப்பிட்டு முடிந்ததும் அவரிடம் கேட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து பள்ளிக்கூடச் சுற்றுலா வந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் கொழும்பு என்றால் இரண்டு இடம்தானாம்.

"யாழ்தேவியில வந்து கோட்டையில இறங்கினா ஒருநாள் காலிமுகத்திடல், அடுத்தநாள் சூ. பின்னேரம் ஐஞ்சேகாலுக்கு ஆனை நடனம். அதைப் பாக்காமல் ஒருத்தரும் திரும்பிப் போகேல்ல."

"சிம்பன்சி பாத்தது ஞாபகம் இருக்கோ பெரியப்பா?"

கொஞ்சம் யோசித்தார். "கை ஞாபகம் இருக்கு. கடலை எறிஞ்சோம். வெளியில கையை நீட்டிச்சுது. உள்ளங்கை எங்கட கை மாதிரியே."

"அது எங்க படுத்தது?"

"அதை ஆர் பிள்ளை கேட்டது அப்ப?"

உலகம் முழுக்க அப்படித்தான் இருந்திருக்கிறது. லண்டன் மிருகக்காட்சிசாலையில் 1926 முதல் 1972 வரை சிம்பன்சிகளை மேசையில் உட்காரவைத்துத் தேநீர் விருந்து காட்டினார்கள். சனம் குவிந்தது. குட்டிகளைத்தான் அப்படி உட்காரவைக்க முடியும். வளர்ந்த ஆண் சிம்பன்சி மனிதரைவிட வலிமை கூடியது, மேசையில் இருக்காது. ஆனால் அந்தக் குட்டி அதற்குப் பிறகு நாற்பது வருடம் எங்கே இருக்கும் என்று விருந்தைப் பார்த்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

நூலகத்தில் பகல் முழுவதும். 1930களின் கொங்கிறீட் கூண்டுகளைப் பார்த்தால் கோபம்தான் முதலில் வருகிறது, ஆனால் அவற்றுக்குப் பின்னால் ஒரு நியாயமும் இருந்திருக்கிறது. மனிதரின் சளியும் காசநோயும் வாலில்லாக் குரங்குகளைக் கொன்றன. அதனால் கழுவச் சுலபமான மாபிள், ஓடு, வழுவழுப்பான சுவர். நோய்க்கு அது பதில். இரவில் கூடு கட்டிப் படுக்கும் மிருகத்துக்கு அது பதிலே இல்லை. காட்டில் ஒவ்வொரு அந்தியிலும் சிம்பன்சி மரத்தில் ஏறி, கிளைகளை வளைத்துச் சில நிமிடங்களில் புதுப் படுக்கை செய்கிறது. தாயிடமிருந்து பிரித்து மனிதர் கையில் வளர்ந்தவற்றில் பலவற்றுக்கு அது வருவதில்லை, பார்த்துப் பழகவேண்டிய வித்தை அது. வழுவழுப்பான தரையில் யாரைப் பார்த்து எதைப் பழகுவது?

இன்றைய பெரிய கண்டுபிடிப்பு லின் டி அல்விஸ். தெஹிவளையின் பணிப்பாளராக இருந்தவர். 1973இல் திறந்த சிங்கப்பூர் மிருகக்காட்சிசாலையின் ஆலோசகர் அவர்தான். கம்பி தெரியாத, மரமும் அகழியும் கொண்ட அந்த இடத்தைப் பார்க்க நம்மவர்கள் விமானம் ஏறிப் போய்ப் படம் பிடித்து வருகிறார்கள். 1994இல் திறந்த இரவு சஃபாரியிலும் அவருடைய கை உண்டு. தெஹிவளைக் காணி சுமார் 10 ஹெக்டேயர், நாற்புறமும் வீடுகள். அதற்குள் நின்று வேலை செய்த மனிதர்தான் இடம் கிடைத்த ஊரில் அப்படி ஒன்றை யோசித்தார். இதை வாசித்தபின் ஸ்டூடியோவுக்குத் திரும்ப மனமில்லை. பெருமையும் ஏக்கமும் சேர்ந்து வந்தன.

பெப்ரவரி 4, புதன், சுதந்திர தினம்

விடுமுறைக் கூட்டத்தைப் பார்க்கவென்றே இன்று போனேன். சிம்பன்சிகளைவிட அதிகம் பார்த்தது மனிதர்களைத்தான். வருகிறார்கள், ஒரு படம், "ஊ ஊ" என்று ஒரு சத்தம், போகிறார்கள். பொறுமையாக நின்றவர்கள் மிகக் குறைவு. ஓர் ஆச்சி மட்டும் பேரனைத் தூக்கிவைத்துக்கொண்டு, "சத்தம் போடாதை ராசா, அது நித்திரையாலை எழும்பினது போல இருக்கு" என்றார்.

ஒன்று எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் நின்ற பொடியன் "திரும்பு, திரும்பு" என்று கத்தினான். அது திரும்பவில்லை. நான் கொப்பியில் எழுதியது: முதுகைக் காட்டும் உரிமை. எந்தப் பக்கத்திலிருந்தும் கண் படாத இடம் ஒன்றாவது உள்ளே இருக்கவேண்டும். ஹெடிகர் என்ற சுவிஸ் விலங்கியலாளர் இதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார்: இடத்தின் பரப்பைவிட அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம்.

வீட்டுக்கு வந்து நேரத்தைக் கணக்குப் போட்டேன். வாசல் திறந்திருக்கும் நேரத்தைக் கழித்தால் நாளில் பாதிக்கு மேல் மிஞ்சுகிறது. அந்த நேரம் முழுவதும் அவை இருப்பது நாம் படத்தில் "ஸ்டோர், இரவறை" என்று ஒரு பெட்டி போட்டு முடித்துவிடும் பகுதியில். ஆகவே என் பிளானை அங்கிருந்தே தொடங்கப்போகிறேன். பார்வையாளர் நிற்கும் இடம் கடைசியாக வரும்.

பெப்ரவரி 8, ஞாயிறு

இரவறைகள். ஒரு பெரிய மண்டபமா, பல சிறிய அறைகளா?

நெதர்லாந்தில் ஆர்னெம் நகரத்து பேர்கர்ஸ் மிருகக்காட்சிசாலையில் 1971இல் சிம்பன்சிகளுக்கு ஏறத்தாழ ஒரு ஹெக்டேயர் தீவு கொடுத்தார்கள். குளிர்காலத்தில் மட்டும் அவை எல்லாம் ஒரு மண்டபத்துக்குள். விலங்கு நடத்தை ஆய்வாளர் பிரான்ஸ் டி வாலும் அவருடைய சகாக்களும் அங்கே கவனித்தது என்னை இன்று முழுக்கப் பிடித்து வைத்திருக்கிறது. நெரிசலில் சண்டை கூடியது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அதற்குப் பதிலாக ஒன்றின் மயிரை ஒன்று கோதிவிடுவதும் பணிந்து வணங்குவதும் கூடின. நெருக்கடியில் அவை மரியாதையைக் கூட்டிச் சமாளித்தன. இதை "பார், சின்ன இடம் போதும்" என்று வாசிப்பவர்கள் உண்டு. நான் அப்படி வாசிக்கமாட்டேன். சமாளிப்பது ஒரு வேலை, அதை ஆண்டு முழுக்க ஒரு உயிரின்மேல் சுமத்தக்கூடாது. காட்டில் அவை காலையில் நாலாகவும் மாலையில் பத்தாகவும் பிரிந்து பிரிந்து சேர்பவை. இன்று இவனோடு இருக்க விருப்பமில்லை என்றால் நடந்து போய்விடலாம்.

அதனால் முடிவு: ஒன்றோடொன்று இணைந்த பல அறைகள், ஒவ்வோர் அறைக்கும் இரண்டு வழி. ஒரே வழி இருந்தால் வலிமையான ஆண் வாசலில் உட்கார்ந்து மற்றதை மூலையில் மடக்கும். எடின்பரோ மிருகக்காட்சிசாலையில் 2008இல் திறந்த சிம்பன்சிக் கூடமும் இணைந்த மூன்று பகுதிகளாகத்தான் இருக்கிறது. 2010இல் நெதர்லாந்திலிருந்து வந்த கூட்டத்தை அங்கிருந்த கூட்டத்தோடு மெல்ல மெல்லச் சேர்க்க முடிந்ததற்கு அந்த அமைப்பும் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

பெப்ரவரி 10, செவ்வாய்

அகழி வேண்டாம். காரணம் மூன்று. சிம்பன்சிக்கு நீந்த வராது, வெளிநாட்டு அகழிகளில் மூழ்கி இறந்தவை உண்டு. தண்ணீரில்லாத அகழி வெட்டினாலும் கொழும்பு மழை அதை நிரப்பிவிடும். நிரம்பி நின்றால் டெங்கு நுளம்பு. மின்வேலி என்று குழுவில் ஒருவர் சொன்னார். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அந்த இரவுகளில் வேலி யாரைத் தடுத்திருக்கும்? மின்சாரத்தை முதல் காவலாக நம்பி எதையும் வரையமாட்டேன்.

ஆக, மேலே வலை மூடிய உயரமான கூடம். வலைக்கு இரும்புத் தூண்கள், உள்ளே ஏறத் தடித்த மரத்தூண்கள், கயிறு, பழைய தீயணைப்புக் குழாயைப் பின்னிச் செய்த ஊஞ்சற் படுக்கைகள். உயிர்மரத்தை மட்டும் நம்ப முடியாது, பட்டையை உரித்துத் தின்றுவிடும். உயரம்தான் இங்கே காணிப் பற்றாக்குறைக்கு மருந்து. நிலத்தை விரிக்க முடியாது, வானத்தை விரிக்கலாம். நமக்கு ஒரு பெரிய வசதியும் இருக்கிறது: ஐரோப்பா குளிருக்காகக் கட்டும் சூடேற்றிய மண்டபங்கள் எதுவும் தேவையில்லை. நிழலும் மழைக்கு ஒதுங்க ஒரு கூரையும் போதும்.

பெப்ரவரி 13, வெள்ளி

கதவுகள். மனம் கனத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சுவீடனில் ஃபுருவிக் என்ற இடத்தில் சந்தினோ என்று ஓர் ஆண் சிம்பன்சி. காலையில், பார்வையாளர் வருமுன்னரே அமைதியாகக் கற்களைச் சேர்த்து வைக்கும். கொங்கிறீட்டைத் தட்டிப் பார்த்து, வெடித்த இடத்தில் துண்டுகளை உடைத்தெடுக்கும். எல்லாம் பிறகு சனத்தின்மேல் எறிய. 2009இல் ஓர் ஆய்வாளர் இதை எழுதியபோது, மிருகம் நாளையை நினைத்துத் திட்டமிடுகிறது என்று உலகமே வியந்தது. 2022 டிசம்பரில் அதே இடத்தில் சிம்பன்சிகள் வெளியே வந்துவிட்டன. சில சுட்டுக் கொல்லப்பட்டன.

நாளையைப் பற்றி நினைக்கத் தெரிந்த உயிரை அடைத்து வைப்பவர் அதைவிடக் கூடுதலாக நாளையைப் பற்றி நினைக்கவேண்டும். ஒவ்வொரு வாசலுக்கும் இரட்டைக் கதவு, ஒன்று பூட்டினால்தான் மற்றது திறக்கும். பராமரிப்பவர் உள்ளே கால் வைக்குமுன் எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்க ஒரு ஜன்னல்.

பெப்ரவரி 17, செவ்வாய்

இடைக்கால மதிப்பீடு. நடுவர்களில் ஒருவர் கேட்டார்: "இலங்கையில் இல்லாத மிருகத்துக்கு ஏன் இவ்வளவு செலவு?" நியாயமான கேள்வி. மேற்குக் கரையோரத்து ஊதாமுக மந்தி நம் தீவுக்கு மட்டுமே உரியது. பலாமரங்கள் வெட்டப்பட்டு மின்கம்பியில் நடக்கிறது. அழிவின் விளிம்பில் இருக்கிறது.

நான் சொன்ன பதில்: சிம்பன்சிகளைக் கொண்டு வந்தது மனிதர்கள். அவை ஐம்பது வயதுக்கு மேலும் வாழக்கூடியவை. இன்று குட்டியாக இருப்பது 2070களிலும் இருக்கலாம். இருப்பவற்றுக்கு நல்ல வீடு கொடுப்பது கடன். புதிதாக இன்னும் கொண்டுவருவது வேறு விஷயம், அதற்கு நான் வரையவில்லை. என் கூடம் ஒருநாள் காலியாகும். அப்போது உயரமும் கயிறும் இரட்டைக் கதவும், காயப்பட்டுப் பிடிபடும் மந்திகளுக்கு அப்படியே பொருந்தும். தூண் இடைவெளியை அதற்காகவே இரண்டுக்கும் ஏற்ப வைத்திருக்கிறேன்.

"அப்படியென்றால் வலைக்கண் அளவு? மந்திக் குட்டி வெளியே வந்துவிடுமே" என்றார் அவர். போன ஒக்டோபரில் மறைந்த சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடாலின் பெயரைச் சொல்லி நான் தயாரித்து வைத்திருந்த உருக்கமான பகுதி அதற்குள் வாயில் வரவேயில்லை, அதற்கு இடமுமில்லை. கேள்வி நல்ல கேள்வி. கீழ்ப்பகுதியில் சிறிய கண், மேலே பெரிய கண் என்றால் காற்றும் வரும், பாரமும் குறையும். இல்லை, குட்டி மேலேதான் முதலில் போகும். முழுவதும் சிறிய கண்ணாகவே இருக்கட்டும், தூணைத் தடிப்பாக்குவோம். வியாழனுக்குள் புதிய செக்ஷன் (வெட்டுமுகப் படம்) வரையவேண்டும். மழைநீர் வடிகாலும் அதோடு சேர்ந்து மாறும்.