பிரேக் மிதித்தால் இறங்கும் எண்ணெய் முள்

என் புரோட்டான் சாகா இஸ்வாராவின் (மலேசியக் கார்) எண்ணெய் முள், அதாவது டேங்கில் பெட்ரோல் எவ்வளவு என்று காட்டும் முள், ஒருவழியாகத் திருந்தியது. டேங்குக்குள் மிதவை வைத்து அளவு பார்த்து மீட்டருக்குச் சொல்லும் யூனிட்டைக் கழற்றவே இல்லை என்பதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொள்கிறேன். விசாரித்த இடமெல்லாம் "மிதவை போயிருக்கும், மாத்திடுங்க" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது.

கோளாறு இதுதான். முழு டேங்க் அடித்துவிட்டுப் பகலில் ஓட்டினால் முள் ஒழுங்காக நிற்கும். பினாங்குப் பாலத்தில் மாலை நெரிசலில் பிரேக்கை மிதித்தபடி ஊர்ந்தால் மெல்ல முக்காலுக்கு இறங்கும். இருட்டி விளக்கும் போட்டுவிட்டால் பாதிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். பாலத்தின் மறுகரையில் பிறை ஊர்ப் பக்கம் இறங்கி, நெரிசல் விட்டதும் திரும்ப ஏறிவிடும். குடித்த எண்ணெயைத் திருப்பித் தருகிற எஞ்சினை, இந்த வண்டியின் எஞ்சினை வடிவமைத்த மிட்சுபிஷி செய்ததில்லை. (சாகாவும் இந்தப் பாலமும் ஒரே ஆண்டில், 1985-இல் வந்தவை. இரண்டும் இன்னும் ஓடுகின்றன, அது போதும்.)

வெப்ப முள் ஆடாமல் இருந்ததால் மீட்டருக்குள் இருந்து இரண்டு முள்ளுக்கும் சீரான வோல்ட் கொடுக்கும் ரெகுலேட்டரைச் சந்தேகப்படவில்லை. அது போயிருந்தால் இரண்டு முள்ளும் சேர்ந்து கெட்டிருக்கும். அடுத்து, பின்சீட்டைத் தூக்கி யூனிட் சாக்கெட்டைப் பிடுங்கி, மீட்டர் வயருக்கும் எர்த்துக்கும் (மின்சாரம் வண்டியின் பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) நடுவே 3.4 வாட் குமிழ் ஒன்றை மாட்டினேன். குமிழ் எரிந்தது, முள் ஏறியது. ஆக மீட்டரும் பின்னால் வரும் வயரும் சரி. இந்தச் சோதனைக்கு நேராக எர்த்தில் தட்டுகிறவர்கள் உண்டு. இவை உள்ளே சுருள் சூடாகி இரட்டை உலோகத் தகடு வளைந்து முள்ளை நகர்த்தும் வகை. அதிக நேரம் தட்டினால் சுருள் போய்விடும். முள் நிதானமாகத்தான் நகரும், பொறுமை வேண்டும்.

மிச்சம் இருந்தது எர்த். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மல்டிமீட்டரை மின்தடை அளக்கும் ஓமில் வைத்து யூனிட் எர்த்தைப் பார்த்தால் 0.5 காட்டியது. புரோப் வயருக்கே 0.2 போகும். மீதி 0.3 ஓம். இந்த யூனிட்டில் டேங்க் நிறைந்தால் சில ஓம், காலியானால் நூறைத் தாண்டும். அந்தக் கணக்கில் 0.3 தூசு. எர்த் நல்லாத்தான் இருக்கிறது என்று மூடிவிடத் தோன்றும்.

ஆனால் அந்த எர்த்தில் யார் யாரெல்லாம் குடியிருக்கிறார்கள் என்று ஓம் மீட்டர் சொல்லாது. முன்பு எப்போதோ எந்த வயர்மேனோ யூனிட்டின் கறுப்பு வயரை வெட்டி, பின்விளக்கு எர்த் திருகிலேயே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். பிரேக் விளக்கு இரண்டும் 21 வாட், அதோடு பின்விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு. எல்லாம் எரிந்தால் சுமார் 5 ஆம்பியர் அந்தத் துருப்பிடித்த திருகு வழியாகப் போகிறது. 0.3 ஓமில் 5 ஆம்பியர் என்றால் 1.5 வோல்ட். யூனிட்டின் எர்த்தை அவ்வளவு தூக்கினால் மீட்டருக்குக் கிடைக்கும் வோல்ட் குறையும், முள் இறங்காமல் என்ன செய்யும்?

இதை நிரூபிக்க வோல்ட் இழப்புதான் பார்க்க வேண்டும், அதுவும் சுமையோடு. கறுப்பு புரோப்பை பேட்டரி நெகட்டிவ் முனையிலேயே (பாடியில் அல்ல) பிடித்து, நீள வயர் இழுத்து, சிவப்பை யூனிட் எர்த்தில் வைத்தேன். பிரேக் மிதிக்க ஆள் இல்லை. துடைப்பக் கட்டையை சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே முட்டுக்கொடுத்தேன். சாவி மட்டும் போட்டால் 0.03 வோல்ட். பிரேக் சேர்ந்ததும் 1 வோல்ட். விளக்கும் சேர்ந்ததும் 1.5. அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் சம்பளம் ஏறினால்கூட வராது.

சரிசெய்தது சின்ன வேலை. திருகு இருந்த இடத்தைத் தகடு பளபளக்கும்வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். யூனிட்டுக்குத் தனியாக ஒரு எர்த் வயர் இழுத்து வேறு இடத்தில் முடுக்கினேன். வளைய முனைகளை நல்ல கிரிம்பிங் குறடில் நசுக்கினால் போதும். ஈயம் பற்றவைத்தால் அது முடிகிற இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் அங்கேயே முறியும். கடையில் கிடைக்கும் மலிவு முனைகள் காகிதம் மாதிரி மடங்குகின்றன. அதற்குப் படகுச் சாமான் விற்கும் கடைகளைப் பாருங்கள், வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியே கிடைக்கும். விலை அதிகம்தான். கெலுகோர் கடல்காற்றில் திறந்தவெளியில் நிற்கிற வண்டிக்கு அது தேவை.

இப்போது எல்லா விளக்கும் எரிந்தாலும் 0.04-க்கு மேல் போகவில்லை. பின்விளக்கும் கொஞ்சம் பளிச்சென்று தெரிகிறது.

ஒரு நண்பர் பின்விளக்கை எல்இடி ஆக்கச் சொல்கிறார். முன்பே ஆக்கியிருந்தால் மின்னோட்டம் குறைந்து முள்ளும் பேசாமல் நின்றிருக்கும், துரு உள்ளே தின்றுகொண்டே இருந்திருக்கும். எனக்கு அவசரமில்லை. அதற்கு முன் ஞாயிறு காலையில் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போய் மணி காட்டும் நல்ல டாஷ்போர்டு மீட்டர் கிடைக்கிறதா பார்க்க வேண்டும், இப்போதிருக்கும் மீட்டரில் ஏற்கெனவே ஒரு விளக்கு எரியவில்லை. கால் டேங்குக்குக் கீழே முள் லேசாக ஏறி இறங்குவதையும் இன்னும் தொடவில்லை. அது யூனிட்டுக்குள் மிதவை உரசித் தேய்ந்த மின்தடைக் கம்பியாகத்தான் இருக்கும், அதற்கு யூனிட்டைக் கழற்றியே ஆக வேண்டும். ரப்பர் கேஸ்கெட் புதிதாகக் கைக்கு வராமல் அந்த மூடியில் கை வைப்பதாக இல்லை.