குனியத் தெரியாத முதுகு

என் இடுப்பு வலி பாரம் தூக்கி வந்ததில்லை. பல் தேய்க்க வாஷ்பேசின் பக்கம் குனிந்தால் பிடிக்கும், சாக்ஸ் போட்டால் பிடிக்கும், தும்மினால் கேட்கவே வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி; எனக்கு அந்தக் கணக்கெல்லாம் எப்போதோ தாண்டிப் போயிருந்தது.

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது) பிதுங்கியிருப்பதாக வந்ததும் வீட்டில் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நடத்த ஆரம்பித்தார்கள். பிசியோதெரபிஸ்ட் அலட்டிக்கொள்ளவே இல்லை. 2015-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, முதுகுவலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் டிஸ்க் பிதுக்கம் தெரிகிறதாம். "படம் இருக்கட்டும், நீங்க எப்படிக் குனியறீங்கன்னு காட்டுங்க" என்றார்.

ஒரு குச்சியை முதுகோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். பின்தலை, தோள்களுக்கு நடுப்பகுதி, வால் எலும்பு என மூன்று இடத்திலும் அது பட வேண்டும். முழங்காலை லேசாக மடக்கி, பின்புறத்தைப் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும். முதுகை வளைத்தால் குச்சி வால் எலும்பை விட்டு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு ஒவ்வொரு முறையும் விலகியது. இத்தனை வருடமாக நான் முதுகால்தான் குனிந்திருக்கிறேன், தொடை வந்து சேரும் இடுப்பு மூட்டு சும்மா இருந்திருக்கிறது!

அப்புறம் காலை நேரம். இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். எழுந்தவுடன் ஆழமாகக் குனிந்தால் அவற்றின் மேல் அழுத்தம் கூடுதல். அதனால் பயிற்சியை மாலைக்கு மாற்றிக்கொண்டேன்.

பயிற்சி என்றால் கனடாவின் முதுகுத்தண்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைக்கும் மூன்றுதான்: கர்ல் அப் (மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் லேசாகத் தூக்குவது), சைடு பிளாங்க் (ஒருக்களித்து முழங்கையை ஊன்றி உடலைத் தூக்கிப் பிடிப்பது), பேர்ட் டாக். ஒவ்வொரு நிலையிலும் பத்து விநாடி நிற்க வேண்டும். கை, முழங்கால் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்டுவதுதான் பேர்ட் டாக். பார்க்க விளையாட்டு போலத்தான் இருக்கும். இடுப்பு சாயாமல் இருக்கிறதா என்று பார்க்க முதுகில் ஒரு பிளாஸ்டிக் டம்ளர் வைத்தேன். வீம்புக்குத் தண்ணீரும் ஊற்றினேன். பல நாள் தரையைத் துடைத்ததுதான் மிச்சம்.

நடையும் உண்டு. முதுகுவலியிலிருந்து அண்மையில் தேறியவர்களை வைத்து நடந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு 2024-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நடைப்பயிற்சி செய்தவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப 208 நாள் ஆனது. மற்றவர்களில் பாதிப் பேருக்கு 112 நாள். நம்பாமல் என்ன செய்வது? நடக்கிறேன்.

காலில் பலம் குறைந்தாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ பயிற்சி எதுவும் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எனக்கு இப்போதும் நீண்ட நேரம் உட்கார்ந்து பயணம் செய்தால் பிடிக்கிறது. அன்று படுத்துவிடாமல் வழக்கத்தில் பாதி தூரமாவது நடக்கிறேன். பெரும்பாலும் மறுநாளே சரியாகிவிடுகிறது.